ஞாயிறும் சபையும்: ஸ்கூடாய்த் தமிழ்க் கிறிஸ்தவரிடையே வழிபாட்டு வருகையும் உபதேச வேறுபாடும்

முன்னுரை

மலேசியத் தமிழரின் சமய வாழ்வைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி இந்து சமயத்தைச் சார்ந்தது. அது இயல்பே. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியருள் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் இந்துக்கள். கிறிஸ்தவர் 6 விழுக்காட்டினரே. ஆயினும் நூற்றுக்கு அறுவர் என்னும் இச்சிறு தொகைக்குள் கத்தோலிக்கர், லுத்தரன் சபையார், மெதடிஸ்த சபையார், ஆங்கிலிக்கன் சபையார், பெந்தெகொஸ்தே சபையார் எனப் பல பிரிவினர் அடங்குவர். சிறு சமூகம் ஒன்று இத்தனை கூறுகளாகப் பிரிந்து நிற்பதும், அவற்றுள் பழைமையானவற்றில் வழிபாட்டுக்கு வருவோர் குறைந்து வருகின்றனர் என்ற கவலை எழுந்திருப்பதும் ஆராயத்தக்கவை.

இக்குறைவுக்குச் சபையாரிடையே இரண்டு காரணங்கள் வழக்கமாகக் கூறப்படுகின்றன. மக்களின் விசுவாசம் தணிந்துவிட்டது என்பது ஒன்று. புதிய சபைகள் தம் உபதேசத்தால் மக்களைக் கவர்ந்து சென்றன என்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. எனினும் ஜொகூர் மாநிலத்தின் ஸ்கூடாய் வட்டாரத்தை முன்வைத்து நோக்கும்போது, இவற்றுக்கு முற்பட்ட காரணம் ஒன்று இருப்பதை உணரலாம். தமிழ்ச் சபையைத் தாங்கி நின்றவை தோட்டம், வார ஓய்வுநாள், தமிழ்மொழி ஆகிய மூன்று தூண்கள். ஒரே தலைமுறைக்குள் இம்மூன்றும் இடம்பெயர்ந்தன. நெடுங்காலமாக உறங்கிக் கிடந்த உபதேச வேறுபாடுகள் அதன் பின்னரே வெளிப்பட்டு, குடும்பங்களைப் பிரிக்கும் ஆற்றலைப் பெற்றன. இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாரம்பரிய சபையும் ஆவிக்குரிய சபையும்

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். தமிழ்க் கிறிஸ்தவர் தம் பேச்சு வழக்கில் சபைகளைப் 'பாரம்பரிய சபை' என்றும் 'ஆவிக்குரிய சபை' என்றும் இருவகையாகப் பிரிப்பர். பழைய மிஷன்களின் வழிவந்து, ஆயர் அமைப்பும் வரையறுத்த வழிபாட்டு முறையும் குழந்தை ஞானஸ்நானமும் உடையவை முன்னவை. பரிசுத்த ஆவியின் அபிஷேகம், அந்நிய பாஷை பேசுதல், தெய்வீக சுகம், முழுக்கு ஞானஸ்நானம் ஆகியவற்றை வற்புறுத்துபவை பின்னவை. இப்பெயர்களே ஒரு வழக்கைத் தம்முள் அடக்கியுள்ளன. ஒரு சாராரை ஆவிக்குரியவர் என்றழைக்கும்போது மற்றவர் அவ்வாறல்லர் என்னும் குறிப்பும் உடன் தோன்றுகிறது. நாம் வழக்குக் கருதி இச்சொற்களைக் கையாள்கிறோமேயன்றி மதிப்பீடாகக் கொள்ளவில்லை.

மலேசியாவில் இவ்வேறுபாடு கூட்டமைப்பு நிலையிலும் காணப்படுகிறது. பழைய புரோட்டஸ்டண்டு சபைகள் மலேசியத் திருச்சபைகள் மன்றத்திலும், சுவிசேஷ, பெந்தெகொஸ்தே சபைகளுள் பல 1983இல் தோன்றிய தேசியச் சுவிசேஷக் கிறிஸ்தவ ஐக்கியத்திலும் இணைந்துள்ளன. இவ்விரண்டையும் கத்தோலிக்கத் திருச்சபையையும் ஒரே குடையின்கீழ்க் கொணர்வது மலேசியக் கிறிஸ்தவர் கூட்டமைப்பு.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். கணக்கெடுப்பில் கிறிஸ்தவர் என்று பதிவு செய்வோர், சபைப் பதிவேட்டில் பெயர் உள்ளோர், ஞாயிறுதோறும் ஆலயத்திற்கு வருவோர் ஆகிய மூன்றும் வெவ்வேறு தொகைகள். திருமணம், அடக்க ஆராதனை, கல்லறை ஆகியவற்றைக் கருதித் தம் பழைய சபைக்குச் சந்தா செலுத்திக்கொண்டே வேறொரு சபையில் வழிபடும் குடும்பங்கள் தமிழ்க் கிறிஸ்தவ உலகெங்கும் உள்ளன. ஆகவே பதிவேடு குறையாமலே ஆலயம் வெறிச்சோடலாம். ஆலயம் வெறிச்சோடியபோதும் மக்கள் கிறிஸ்தவராகவே இருக்கலாம். வருகைக் குறைவை நம்பிக்கைக் குறைவோடு உடனே சமப்படுத்துவது இதனால் பொருந்தாது.

தோட்டத்துச் சபை

மலாயாத் தமிழ்ச் சபைகள் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை அல்ல. கத்தோலிக்கருக்குப் பாரிசு வேற்றுநாட்டு மறைப்பணிச் சபைக் குருக்கள் பணிபுரிந்தனர். பேராக்கின் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கக் குடியேற்றம் ஒன்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாயிற்று. மெதடிஸ்த மிஷன் 1885இல் சிங்கப்பூரில் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் தமிழரிடையேயும் பரவியது. லுத்தரன் பணி 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியதோடு தொடங்கும் மரபின் நீட்சியாக, 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் தமிழகத்திலிருந்து வந்த போதகர்களால் வேரூன்றியது. யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர் பணிக்கு வந்தோருள் மெதடிஸ்தரும் ஆங்கிலிக்கரும் பலர் இருந்தனர்.

தமிழகத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்த, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் நெடிய பேச்சுவார்த்தைக்குப் பின்னர் 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றிணைந்தனர். அவ்வொன்றிப்பு கடல் கடந்து மலாயாவை எட்டவில்லை. இங்கு ஆங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் தனித்தனியாகவே நீடித்தனர். அன்றியும், மலாயாவில் திருச்சபைகள் மொழிவழி அமைந்தன. மெதடிஸ்த திருச்சபையில் தமிழர்க்குத் தனி ஆண்டு மாநாடு உண்டு. ஆங்கில, சீன மொழிச் சபைகளுக்கு வெவ்வேறு மாநாடுகள் உண்டு. மலேசியச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தமிழரிடையே தோன்றியது. சீன மரபில் தோன்றிய லுத்தரன் சபை வேறு. இவ்வமைப்பு தமிழ் வழிபாட்டைக் காத்தது. அதே வேளையில், தமிழறிவு குன்றினால் சபையும் குன்றும் என்னும் நிலையையும் உருவாக்கியது.

தோட்டத்தில் இவ்வேறுபாடுகள் பெரிதாகத் தோன்றவில்லை. அங்கே பெரும்பாலும் ஒரு சிற்றாலயமோ ஜெப வீடோதான் இருக்கும். நியமனம் பெற்ற போதகர் பல தோட்டங்களைச் சுற்றிவர வேண்டியிருந்தமையால் இடைப்பட்ட வாரங்களில் உபதேசியாரே ஆராதனை நடத்துவது வழக்கம். அவரே பிள்ளைகளுக்கு வேதபாடம் கற்பிப்பார், நோயுற்றோரைக் காண்பார், கடிதம் எழுதிக் கொடுப்பார். லயத்தில் வாழ்ந்த ஒரு குடும்பத்திற்குச் சபை என்பது தேர்ந்தெடுத்துக் கொள்ளும் ஒன்றாக இருக்கவில்லை. அது பிறந்த இடத்தோடு வந்தது. குழந்தை ஞானஸ்நானம் சரியா, முழுக்கு ஞானஸ்நானம் சரியா என்னும் வினா அங்கு எழுந்தாலும், மாற்றுச் சபை நடந்துசெல்லும் தொலைவில் இல்லாதபோது அவ்வினா பேச்சளவிலேயே நின்றது.

தோட்டம் தாமானாகியபோது

ஸ்கூடாய் ஜொகூர் பாருவின் வடமேற்கே, ஸ்கூடாய் ஆற்றையொட்டி அமைந்த ஊர். அன்னாசியும் ரப்பரும் விளைந்த நிலம் அது. 1980களில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் இங்கு வந்தது. 1998இல் துவாஸ் நோக்கிய இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது. 2006இல் தொடங்கிய இஸ்கந்தர் மலேசியா வளர்ச்சித் திட்டத்திற்குள்ளும் இவ்வட்டாரம் அடங்கியது. தாமான் உங்கு துன் அமினா, தாமான் யுனிவர்சிட்டி, முத்தியாரா ரினி என வீடமைப்புப் பகுதிகள் பெருகின. ரினி தோட்டத்தின் பெயர் இன்று ஒரு நவீனக் குடியிருப்பின் பெயரிலும் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெயரிலும் நிலைத்திருக்கிறது.

நாடெங்கும் 1980, 1990களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டிற்கு விற்கப்பட்டும் போனமையால் இடம்பெயர்ந்த இந்தியர் மூன்று இலட்சம் பேர் வரை இருப்பர் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. இவ்விடப்பெயர்வின் பொருளாதார விளைவுகள் பல முறை பேசப்பட்டுள்ளன. சமய விளைவோ போதிய கவனம் பெறவில்லை. லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த இருபது கிறிஸ்தவக் குடும்பங்கள் ஐந்தாறு தாமான்களில் சிதறின என்று கொள்வோம். அவர்களுக்கு ஒரே ஆலயம் இருந்தால், நடந்து வந்தவர்கள் இனி வாகனத்தில் வரவேண்டும். வாகனமில்லா முதியவர் பிள்ளைகளின் வசதியை எதிர்நோக்குவர். புதிய ஆலயம் கட்டலாம் எனில், வீடமைப்புப் பகுதிகளில் அதற்குரிய நிலமும் ஒப்புதலும் கிடைப்பது அரிது. இதனாற்றான் மலேசிய நகர்ப்புறங்களில் கடைவீட்டு மாடிகளில் சபைகள் கூடும் வழக்கம் பெருகியது.

கடைவீட்டு மாடி பாரம்பரிய சபைக்குச் சங்கடமானது. ஆவிக்குரிய சபைக்கு இயல்பானது. பலிபீடம், மணி, அங்கி, ஆண்டு முழுவதும் வகுக்கப்பட்ட திருநாள் வரிசை ஆகியவற்றோடு பிணைந்தது முன்னதன் வழிபாடு. ஓர் ஒலிபெருக்கி, சில நாற்காலிகள், ஊக்கமுள்ள ஒரு போதகர் ஆகிய இவையே பின்னதற்குப் போதும். மேலும், பாரம்பரிய சபையில் போதகர் இறையியற் பயிற்சி பெற்று, நியமனம் பெற்று, மேலிடத்தின் ஆணைப்படி இடமாற்றம் பெறுபவர். 1979இல் தொடங்கப்பெற்று இன்று சிரம்பானில் இயங்கும் மலேசிய இறையியற் கல்லூரி இத்தகையோரைத் தமிழிலும் பயிற்றுவிக்கிறது. ஆயினும் அப்பயிற்சி பல ஆண்டுகள் பிடிக்கும். புதிய தாமானில் குடியேறியோரின் அழைப்பு மணிக்கு முதலில் வந்து நின்றவர் பெரும்பாலும் பதிவேட்டோடு வந்த ஆயராக இருக்கவில்லை. அண்டை வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்தியவராக இருந்தார்.

ஓய்வுநாள் மாற்றம்

ஜொகூருக்கே உரிய மற்றொரு காரணத்தை இனி விரிவாக நோக்குவோம். ஜொகூரில் 1994 வரை வெள்ளிக்கிழமையே வார ஓய்வுநாளாக இருந்தது. அதன்பின் சனியும் ஞாயிறும் ஓய்வுநாள்களாயின. 2014ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளியும் சனியும் ஓய்வுநாள்கள் ஆக்கப்பட்டன. முஸ்லிம்கள் வெள்ளித் தொழுகையை நெருக்கடியின்றி நிறைவேற்றுவதற்கு இது வழிசெய்தது. தனியார் நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி நடக்கலாம் என விடப்பட்டன. பதினோராண்டு நடைமுறையில் இருந்த இவ்வொழுங்கு 2024ஆம் ஆண்டோடு முடிவுற்றது. 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறு மீண்டும் ஓய்வுநாள்களாயின.

இம்மாற்றம் ஸ்கூடாய்க் குடும்பம் ஒன்றில் எவ்வாறு செயற்படும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். தந்தை பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் பணிபுரிகிறார். அவருக்கு ஞாயிறு விடுமுறை. தாய் அரசுப் பள்ளி ஆசிரியை. அவருக்கு ஞாயிறு வேலைநாள். பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை பள்ளி. வெள்ளியன்று தாயும் பிள்ளைகளும் வீட்டில் இருக்க, தந்தை விடியுமுன் புறப்பட்டுவிடுகிறார். சனியன்று தனியார் வகுப்பும் இணைப்பாட நடவடிக்கையும் வந்து சேர்கின்றன. இக்குடும்பம் ஒருங்கே ஆலயத்தில் அமரக்கூடிய காலைப்பொழுது வாரத்தில் இல்லை. சபைகள் சனி மாலை, ஞாயிறு மாலை, வெள்ளிக் காலை என வழிபாட்டு நேரத்தைப் பங்கிட வேண்டிய நிலை இதனால் ஏற்பட்டது. பங்கிடப்பட்ட சபையில் ஒவ்வொரு கூட்டமும் சிறுத்துக் காணப்படும். அனைத்திலும் அதிகம் இழந்தது ஞாயிறு பள்ளி. பிள்ளைகள் வேதபாடமும் கீர்த்தனையும் கற்கும் அவ்வகுப்பு, அவர்கள் அரசுப் பள்ளியில் அமர்ந்திருக்க வேண்டிய வேளையில் நடைபெற வேண்டியிருந்தது.

1994க்கு முன்னும் இதே நிலைதானே என்று வினவலாம். அன்று ஆலயம் லயத்திற்கு அருகில் இருந்தது. வழிபாட்டை மாலைக்கு மாற்றினாலும் மக்கள் நடந்தே வரலாம். வெள்ளியை வார விடுமுறையாகக் கொண்ட கெடாவிலும் தமிழ்ச் சபைகள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. ஆகவே நாளின் மாற்றம் தனித்து இக்குறைவை விளைவித்தது எனல் இயலாது. தோட்டம் கலைந்து, தொலைவு கூடி, சிங்கப்பூர் வேலை பெருகிய பிறகு நாளும் மாறியது என்பதே இங்கு நோக்கத்தக்கது.

இவ்விடத்திற்றான் உபதேசமும் வருகையும் நேரடியாகச் சந்திக்கின்றன. ஞாயிற்றுக்குப் பதில் வேறொரு நாளில் கூடலாமா என்பது வெறும் நிருவாக வினா அன்று. ஒவ்வொரு மரபும் அதற்கு வெவ்வேறு விடை தருகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, முந்தைய நாள் மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிற்றுக் கடமை நிறைவேறும் என்கிறது. எனவே சனி மாலைத் திருப்பலி கத்தோலிக்கருக்குத் தடையற்ற வழி. லுத்தரன் சபையின் அடிப்படை ஆவணமான 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, ஞாயிறு ஆசரிப்பை மீட்புக்கு இன்றியமையாத கட்டளையாகக் கொள்வதை மறுத்து, மக்கள் எப்போது கூடவேண்டும் என்று அறிவதற்காகச் சபை ஏற்படுத்திக்கொண்ட ஒழுங்காகவே அதனைக் காண்கிறது. இதன்படி வெள்ளிக்கிழமை ஆராதனைக்கும் கொள்கை அளவில் தடையில்லை. மெதடிஸ்த மரபிலோ ஜான் வெஸ்லி 1743இல் வகுத்த பொது விதிகள், ஆண்டவரின் நாளில் அன்றாடத் தொழில் செய்வதையும் கொடுக்கல் வாங்கலையும் தவிர்க்கச் சொல்கின்றன. அவ்விதியில் வளர்ந்த ஒருவர்க்கு ஞாயிறு வேலைநாள் ஆவது மனச்சான்றின் சிக்கல். ஏழாம்நாள் அட்வென்டிஸ்தருக்கோ சனிதான் ஓய்வுநாள். வெள்ளி, சனி விடுமுறை அவர்களுக்கு வசதியாகவே அமைந்தது.

தமிழ் மண்ணில் இந்நாள் வழக்கு புதிதும் அன்று. திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் மிஷனிலிருந்து பிரிந்த சட்டாம்பிள்ளை 1857இல் நிறுவிய இந்து கிறிஸ்தவ சபை, சனிக்கிழமையையே ஓய்வுநாளாக ஆசரித்தது. அன்னிய மிஷனரிகளின் ஆதிக்கத்தை மறுப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட கருவிகளுள் ஓய்வுநாளும் ஒன்றாயிற்று. ஜொகூரில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. இங்கு உபதேசத்தின்பொருட்டு நாள் மாறவில்லை. நாள் மாறியமையால் உபதேசம் வினவப்பட்டது.

ஆவிக்குரிய சபைகளின் ஈர்ப்பு

பாரம்பரிய சபையாருள் சிலர் பெந்தெகொஸ்தே இயக்கத்தை அண்மைக்கால அமெரிக்க இறக்குமதி என்று ஒதுக்குவதுண்டு. வரலாறு இதற்கு இடந்தரவில்லை. அமெரிக்காவின் அசூசாத் தெரு எழுப்புதல் 1906இல் நிகழ்ந்தது. அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே, 1860இல், அருளப்பனைச் சார்ந்த தமிழகச் சபைகளில் தீர்க்கதரிசனமும் அந்நிய பாஷையும் வெளிப்பட்டதாகப் பதிவுகள் உள்ளன. அவர் இரேனியுவிடம் பயின்றவர். அந்த இரேனியுவே 1835இல் தம் மிஷன் சங்கத்தோடு குருத்துவ நியமன முறை குறித்து முரண்பட்டுப் பிரிந்தவர். அப்பிரிவில் திருநெல்வேலிச் சபைகளும் இரண்டுபட்டன. தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியாரும் பிறரும் புதிய மிஷனரிகளோடு சாதி வழக்கம், கீர்த்தனை, வேத மொழிபெயர்ப்பு ஆகியவை பற்றி 1820களில் வழக்காடினர். பிளவு தமிழ்ச் சபைக்கு வெளியிலிருந்து வந்த நோய் அன்று. அதன் வரலாற்றோடு உடன்பிறந்தது.

கொழும்பில் 1920களில் பாஸ்டர் பால் தொடங்கிய இலங்கைப் பெந்தெகொஸ்தே மிஷன் 1930களில் மலாயாவிற்கு வந்தது. வெள்ளுடை அணிந்த, மணம் புரியாத ஊழியர்களும் நகை துறந்த விசுவாசிகளும் அக்காலத் தமிழரிடையே தனித்துத் தெரிந்தனர். பின்னர் டி.ஜி.எஸ். தினகரன் (1935–2008) போன்றோரின் பெருங்கூட்டங்களும் ஒலி, ஒளி நாடாக்களும், கத்தோலிக்கக் குருவாக இருந்து பின்னர் வெளியேறிய பெர்க்மான்ஸ் அவர்களின் ஜெபத்தோட்டப் பாடல்களும் மலேசியத் தமிழ் வீடுகளை எட்டின. ஒருவர் தம் பாரம்பரிய சபையில் இருந்துகொண்டே இப்பாடல்களைக் கேட்கலாம். கேட்பவர் அவ்வகை வழிபாட்டைத் தம் சபையிலும் எதிர்பார்க்கலானார்.

முரண்பாடு கூர்மையடையும் இடம் ஞானஸ்நானமே. கைக்குழந்தையாய் ஞானஸ்நானம் பெற்று, பின்னர்த் திடப்படுத்தல் பெற்ற இளைஞர் ஒருவர் ஆவிக்குரிய சபையில் மறுபடியும் முழுக்கு ஞானஸ்நானம் பெறுகிறார் என்போம். அவருக்கு அது கீழ்ப்படிதலின் முதற்படி. அவருடைய பெற்றோரின் சபைக்கோ அது, கடவுள் அவருக்கு முன்னரே அளித்த அருளை மறுக்கும் செயல். லுத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்த, கத்தோலிக்க மரபுகள் நான்கும் ஞானஸ்நானம் ஒருமுறையே என்பதில் உறுதியானவை. இதில் நடுவழி இல்லை. தந்தையின் அடக்க ஆராதனையில் மகன் எந்த வரிசையில் அமர்வது, பேரப்பிள்ளையை ஆயரிடம் கொண்டுசெல்வதா வேண்டாமா எனும் வினாக்களாக இவ்வுபதேசம் வீட்டிற்குள் நுழைகிறது. வருகைக் குறைவின் வலி எண்ணிக்கையில் தெரிவதைவிட இவ்வாறு வீட்டில்தான் மிகுதியாகத் தெரியும்.

எனினும், உபதேசத்தை நன்கு ஆய்ந்து சபை மாறுவோர் சிலரே. நோயில் ஜெபிக்க வந்தவர், வேலையிழப்பில் துணைநின்றவர், பிள்ளையின் குடிப்பழக்கத்தை அறிந்து வீடு தேடி வந்தவர் ஆகியோரைப் பின்பற்றியே பலரும் செல்கின்றனர். உபதேசத்தைச் சென்ற பின்னரே கற்கின்றனர். தோட்டத்து உபதேசியார் செய்த பணி அதுவே. அப்பணியாளரைப் பாரம்பரிய சபை தோட்டத்தோடு இழந்தது. தாமானில் அவ்விடத்தை ஆவிக்குரிய சபையின் வீட்டு ஜெபக்குழு நிரப்பியது. இதனை முன்னுணர்ந்தது போலத் தீபகற்பக் கத்தோலிக்கத் திருச்சபை 1976இல் தன் குருக்களைப் பினாங்கில் ஒரு மாதம் கூட்டிவைத்துச் சிந்தித்து, அடித்தளக் கிறிஸ்தவச் சமூகங்கள் என்னும் அண்டை வீட்டார் குழுக்களை அமைக்கும் வழியைத் தேர்ந்தது. தமிழகத்தில் அன்பியம் என வழங்குவது இத்தகையதே.

மேனாட்டுப் பிளவுகளும் நம் நிலையும்

உலக அளவிலும் பாரம்பரிய சபைகள் நெருக்கடியில் உள்ளன. இங்கிலாந்துத் திருச்சபையின் சராசரி வார வருகை 2019இல் ஏறத்தாழ எட்டரை இலட்சமாக இருந்து, பெருந்தொற்றுக்குப் பின் 2023இல் ஏழு இலட்சத்திற்கும் கீழே நின்றது. அமெரிக்க ஐக்கிய மெதடிஸ்த திருச்சபையில் ஒருபாலுறவு குறித்த உபதேச வழக்கால் 2019க்கும் 2023க்கும் இடையே 7,600க்கு மேற்பட்ட சபைகள் வெளியேறின. அந்நாட்டிலுள்ள அதன் சபைகளில் இது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஆங்கிலிக்கன் உலகில் 2003இல் நியூ ஹாம்ப்ஷயர் ஆயர் நியமனத்தால் எழுந்த பிளவில், மேற்கு மலேசிய மறைமாவட்டத்தை உள்ளடக்கிய தென்கிழக்காசிய மாநிலத் திருச்சபை அமெரிக்க எபிஸ்கோப்பல் சபையோடு உறவை முறித்தது.

இச்செய்திகளைக் கொண்டு ஸ்கூடாயின் நிலையை விளக்க முற்படுவது பிழையாகும். அங்குச் சபையை விட்டு அகல்வோருள் பலர் சமயத்தையே விட்டு அகல்கின்றனர். இங்கு அகல்வோர் பெரும்பாலும் மற்றொரு சபையில் சேர்கின்றனர். அங்குள்ள வழக்கு பாலியல் ஒழுக்கம் பற்றியது. அதில் மலேசியப் பாரம்பரிய சபைகளும் ஆவிக்குரிய சபைகளும் பெரிதும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. இங்குள்ள வழக்கு ஞானஸ்நானமும் ஆவியின் வரங்களும் பற்றியது. நோய் வேறாயின் மருந்தும் வேறாதல் வேண்டும்.

மொழியும் வழிபாடும்

மூன்றாம் தூணாகிய தமிழைப் பற்றிச் சில கூறுவோம். ஸ்கூடாய் வட்டாரத்தில் ரினி தமிழ்ப்பள்ளியும் தாமான் துன் அமினா தமிழ்ப்பள்ளியும் இயங்குகின்றன. எனினும் தமிழ்ப்பள்ளியில் பயிலாத பிள்ளைகளும், பயின்ற பின் இடைநிலைப்பள்ளியில் தமிழைத் தொடராதவர்களும் உண்டு. இவர்கள் வீட்டில் தமிழ் பேசுவர். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தயங்குவர். பாரம்பரிய வழிபாடோ வாசிப்பைச் சார்ந்தது. புரோட்டஸ்டண்டு சபைகளில் பெருவழக்காயுள்ள வேதாகமம் 1871இல் பவர் முதலியோர் நிறைவு செய்த மொழிபெயர்ப்பு. அதன் நடையும் ஞானப்பாட்டு, பாமாலைகளின் நடையும் இன்றைய பிள்ளைக்கு எட்டாதவை. 1995இல் கத்தோலிக்கரும் புரோட்டஸ்டண்டுகளும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியம் தற்காலத் தமிழில் அமைந்தும், புரோட்டஸ்டண்டு ஆராதனையில் பழைய மொழிபெயர்ப்பின் இடத்தை அது பெறவில்லை; மனப்பாடமான சொற்களை மக்கள் எளிதில் கைவிடுவதில்லை.

இங்குச் சபை ஓர் இரட்டைச் சிக்கலை எதிர்கொள்கிறது. பழைய நடையைக் காத்தால் இளையோர் ஆங்கிலச் சபைக்குச் செல்வர். எளிய பாடலுக்கும் கலப்பு மொழிக்கும் மாறினால் முந்நூறு ஆண்டு மரபு ஒன்று ஒரே தலைமுறையில் மறையும். ஆங்கிலச் சபைக்குச் சென்றவர் கிறிஸ்தவராகவே இருப்பர். ஆனால் தமிழில் ஜெபிப்பவராக இருக்க மாட்டார். இடைநிலைப்பள்ளியில் தமிழை விட்ட மாணவர் வாரந்தோறும் செந்தமிழ் சார்ந்த ஒரு நூலை உரக்க வாசிக்கவும் இசையோடு பாடவும் வாய்ப்புள்ள இடங்கள் நம் நாட்டில் மிகச் சில. ஆலயம் அவற்றுள் ஒன்று. ஆதலால் தமிழ்ச் சபையின் வருகைக் குறைவு கிறிஸ்தவர்க்கு மட்டுமுரிய கவலை அன்று, தமிழாய்வாளர்க்கும் உரியது.

முடிவுரை

2020 மார்ச்சில் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது ஆலயக் கதவுகள் மூடப்பட்டன. சிங்கப்பூர் எல்லை 2022 ஏப்ரல் வரை வழக்கம்போல் திறக்கப்படவில்லை. குடும்பங்கள் இருகரையிலும் பிரிந்திருந்த அக்காலத்தில் ஆராதனை கைப்பேசித் திரைக்கு மாறியது. திரைக்கு முன் எந்தச் சபையும் ஒரே தொலைவில்தான் உள்ளது. பாரம்பரிய சபையின் திருவிருந்து திரைவழி வர இயலாது. பாடலும் பிரசங்கமும் வரலாம். இதிலும் ஆவிக்குரிய சபைகளே எளிதில் பழகிக்கொண்டன.

இதுவரை கூறியவற்றால், ஸ்கூடாய்த் தமிழ்ச் சபைகளின் வருகைக் குறைவு இடமும் நாளும் மொழியும் ஒருங்கே பெயர்ந்ததன் விளைவு என்பதும், உபதேச வேறுபாடு அப்பெயர்வினால் வலுப்பெற்றது என்பதும் புலப்படும். தோட்டம் திரும்பி வரப்போவதில்லை. ஞாயிறு 2025 முதல் திரும்பி வந்துவிட்டது. ஆகவே இனிவரும் ஆண்டுகள் ஒரு சோதனைக் காலம். நாள் ஒன்றே காரணமாயின் பிள்ளைகள் ஞாயிறு பள்ளிக்குத் திரும்புவர். திரும்பாராயின், பதினோராண்டில் வளர்ந்து ஆளாகிவிட்ட ஒரு தலைமுறை ஞாயிறு பள்ளியின் பழக்கமே இன்றி உருவாகிவிட்டது என்று பொருள்.

சபைகள் செய்யக்கூடியவை சில உள்ளன. பதிவேட்டை நம்பாமல் வருகையை வயதுவாரியாகக் கணக்கிட்டு வெளிப்படையாகப் பேசுதல். தாமான்தோறும் வீடு சென்று காணும் உபதேசியார் பணியைச் சபையாரைக் கொண்டே மீட்டெடுத்தல். ஞாயிறு பள்ளியில் வேதபாடத்தோடு தமிழ் வாசிப்பையும் கற்பித்தல். மறுஞானஸ்நானம் பெற்ற பிள்ளையைக் குடும்பத்தினின்று விலக்காமல் உரையாடலைத் தொடர்தல் ஆகியவை அவை. இவற்றுள் கடைசியானது உபதேசத்தை விட்டுக்கொடுப்பதாகாது. தன் உபதேசம் இன்னதென நன்கறிந்த சபையே பிறரோடு அமர்ந்து பேச வல்லது. பெயரன் எந்தச் சபையில் வழிபடினும், பாட்டி பாடும் கீர்த்தனையின் சொற்களை அவன் வாசித்தறிய முடியுமாயின் இரு சபைகளுக்கும் இடையே ஒரு பாலம் எஞ்சியிருக்கும்.